அக்கா வரல

மிக்ஸர்காரர்: இன்னொரு தடவம்மா, சவுண்டு சரி பாத்துக்கறேன்... அந்த வரி மட்டும்.

தங்கச்சி: எந்த வரி?

மிக்ஸர்காரர்: அதான், ஊரே பாடுதே, "அக்கா வரல"ன்னு. அந்த இடம் வந்தா மட்டும் உன் குரல் உள்ள போயிடுது. மைக்க முழுங்கற மாதிரி கிட்ட வந்து பாடு.

தங்கச்சி: முழுங்கிட்டா சாயங்காலம் எதுல பாடறது?

மிக்ஸர்காரர்: வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல... யாருங்க அது, கடைசி வரிசைல? ஆறு மணிக்குத்தான் கதவு திறப்போம்!

அக்கா: நான் கச்சேரிக்கு வந்தவ இல்லீங்க.

மிக்ஸர்காரர்: வேற எதுக்கு வந்தீங்க?

அக்கா: இவ... எனக்குத் தெரிஞ்ச பொண்ணு.

தங்கச்சி: அண்ணே, மைக்க அணைங்க.

மிக்ஸர்காரர்: இப்பத்தானே இரைச்சல் போச்சு...

தங்கச்சி: அணைங்கண்ணே. அது என் அக்கா.

மிக்ஸர்காரர்: அக்காவா? எந்த அக்கா?

தங்கச்சி: எனக்கு ஒரே அக்காதான்.

மிக்ஸர்காரர்: ஓ... ஓஹோ! அப்ப இந்தப் பாட்டுல வர்ற... அதாவது, வராத... நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். இருபது நிமிஷம். இல்ல, அரை மணி.

அக்கா: ஓடறாரு பாரு, பேயப் பாத்த மாதிரி.

தங்கச்சி: நீ எப்படி உள்ள வந்த?

அக்கா: பின்பக்கம் வண்டிலேர்ந்து நாற்காலி எறக்கிட்டிருந்தாங்க. நானும் ரெண்டு தூக்கிட்டு வந்துட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல.

தங்கச்சி: உனக்குத்தான் டிக்கெட் அனுப்பியிருந்தேனே.

அக்கா: அது ஆறு மணிக்கு. அப்ப இருநூறு பேர் இருப்பாங்க. எனக்கு உன்கிட்ட தனியாப் பேசணும்.

தங்கச்சி: உக்காரு... அதுல வேணாம், கால் ஆடும். இப்படி வா.

அக்கா: எளச்சிட்ட சில்லு.

தங்கச்சி: நீ நல்லா குண்டாயிட்ட.

அக்கா: நான் சொன்னது பாசம். நீ சொன்னது திமிர்.

தங்கச்சி: அம்மா சாவு வீட்டுல பாத்தது. மூணு வருஷம் கழிச்சு வந்திருக்க. பாசம் மட்டும் தனியா வருமா? திமிரும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் வரும்.

அக்கா: சரி, வரட்டும்... இன்னும் கண்ணாடிக் கடையிலதானா?

தங்கச்சி: அங்கதான். "இந்த எழுத்து தெரியுதா... இப்ப தெரியுதா..." காலைலேர்ந்து இதே பாட்டு. போன வாரம் ஒருத்தர் புதுக் கண்ணாடி மாட்டினதும் என்னையே பாத்தாரு. "நீங்க அந்தப் பாட்டு பாடற பொண்ணுல்ல?"ன்னாரு. ரெண்டு வருஷமா வர்றவரு. அதுவரைக்கும் நான் மங்கலாத்தான் இருந்திருக்கேன்.

அக்கா: மொத மொதல்ல எங்க பாடின? எனக்கு யாரும் சொல்லல.

தங்கச்சி: யாருக்குத் தெரியும், சொல்றதுக்கு? ஒரு புத்தகக் கடை. மொத்தம் ஏழு பேர். அதுல மூணு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க.

அக்கா: ஐயோ.

தங்கச்சி: மழை விட்டுச்சு. நாலு பேர் ஆனாங்க. அந்த நாலுல ஒருத்தர் கடைக்காரர்.

அக்கா: அப்புறம்?

தங்கச்சி: அப்புறம் ஒரு பிறந்தநாள் வீடு. கேக் வெட்டற வரைக்கும் பாடணும், ஆனா சோகமா எதுவும் வேணாம்னுட்டாங்க. என்கிட்ட வேற பாட்டே இல்ல.

அக்கா: என்னடி பண்ண?

தங்கச்சி: அதே பாட்டுங்கள வேகமாப் பாடினேன். பசங்க எல்லாம் எழுந்து ஆடினாங்க.

அக்கா: அடிப்பாவி... பாட்டெல்லாம் எங்க பதிவு பண்ற? அதுக்குன்னு ரூம் வேணுமாமே.

தங்கச்சி: ரூமா? பீரோதான். ஒரு பக்கம் மாடி மோட்டார், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு மிக்ஸி. பீரோ கதவத் திறந்து, துணிங்களுக்கு நடுவுல தலைய விட்டுக்கிட்டுப் பாடுவேன்.

அக்கா: எந்த பீரோ?

தங்கச்சி: அம்மாவோடது.

அக்கா: துணியெல்லாம்...

தங்கச்சி: அப்படியே இருக்கு. யாருக்குக் குடுக்கறது? வெளிச் சத்தத்த எல்லாம் அதுதான் உறிஞ்சிக்குது.

அக்கா: ம்.

தங்கச்சி: அதுல அஞ்சு பாட்டு எடுத்து நெட்ல போட்டேன். ஒரு நாயும் சீண்டல. ஒவ்வொண்ணையும் நாப்பது தடவ கேட்டிருந்தாங்க. அதுல பாதி நானேதான் போட்டுப் போட்டுக் கேட்டது.

அக்கா: மீதி பாதி நான்.

தங்கச்சி: என்ன?

அக்கா: வேலைக்குப் போற பஸ்ல கேப்பேன். அந்த அறுந்த செருப்புப் பாட்டு ஒண்ணு இருக்கே... அது எனக்குப் பிடிக்கும்.

தங்கச்சி: அது யாருக்குமே பிடிக்கல.

அக்கா: எனக்கும் முதல்ல பிடிக்கல. கேக்கக் கேக்கப் பழகிடுச்சு.

தங்கச்சி: இத ஒரு போன் போட்டு சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: நீ ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?

தங்கச்சி: ரெண்டு பேருக்கும் அம்மாவோட பிடிவாதம்.

அக்கா: அம்மாவாவது ரெண்டு நாள்ல எறங்கி வந்துடுவாங்க.

தங்கச்சி: உன் விஷயத்துல வரலியே.

அக்கா: இல்ல... என் விஷயத்துல வரல. கல்யாணத்துக்கு வரல. பாப்பா பொறந்தப்ப வரல. நானும் அப்படித்தானே இருந்தேன்.

தங்கச்சி: அந்தப் பாட்ட... முதல்ல எங்க கேட்ட?

அக்கா: பஸ்லதான். நீ போட்ட அன்னிக்கே. பேரப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் வராததத்தான் பாடியிருக்கன்னு. பாதில நிறுத்திட்டேன். அதுவும் மத்த பாட்டு மாதிரி நாப்பது தடவையோட நின்னுடும்னு நெனச்சேன்.

தங்கச்சி: நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அக்கா: ஒரு நாள் லேப்ல, ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துட்டிருக்கேன். ஊசி உள்ள இருக்கு. அவரு சட்டப் பையிலேர்ந்து உன் குரல். "எல்லாரும் வந்தாங்க... அக்கா வரல..." ரிங்டோன்.

தங்கச்சி: ஐயோ அக்கா...

அக்கா: கை அது பாட்டுக்குச் செஞ்சுது. பதினொரு வருஷ வேல. எடுத்து முடிச்சேன், பஞ்சு வச்சேன், "கைய மடக்கி வச்சுக்குங்க ஐயா"ன்னேன். அப்புறம் பாத்ரூம் போயி, குழாயத் திறந்து விட்டுட்டு நின்னேன்.

தங்கச்சி: அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்...

அக்கா: இரு, இன்னும் கேளு. பாப்பா பாடறா. ஸ்கூல் வேன்ல கத்துக்கிட்டு வந்திருக்கா. அவளுக்குத் தெரியாது, பாடினது சித்தின்னு. "அம்மா, அந்த அக்கா ஏன் வரல?"ன்னு கேக்கறா.

தங்கச்சி: நீ என்ன சொன்ன?

அக்கா: பஸ் கெடைக்கலன்னேன்.

தங்கச்சி: அதுக்கு?

அக்கா: "நடந்து வந்திருக்கலாமே"ன்னா.

தங்கச்சி: மாமா ஏதாச்சும் சொன்னாரா?

அக்கா: மாமா ஒரு வார்த்த சொல்றதில்ல. டீவில வந்தா சேனல மாத்திடுவாரு. அவரு ஏதாச்சும் கேட்டுத் தொலைச்சாக்கூட பரவாயில்ல. அந்த மாத்தறது இருக்கே, அதுதான் வலிக்குது.

தங்கச்சி: இன்னிக்குப் பாடலக்கா. எடுத்துடறேன்.

அக்கா: லூசு. அதக் கேக்கத்தானே அத்தன பேரும் வர்றாங்க.

தங்கச்சி: வேற முப்பது பாட்டு வச்சிருக்கேன்.

அக்கா: செருப்பு பத்தி பாடப் போறியா? வேணாம். எடுன்னு சொல்றதுக்கு நான் வரல.

தங்கச்சி: பாத்தியா, நீயே "வரல"ங்கற.

அக்கா: அடி வாங்குவ.

தங்கச்சி: உனக்கு ஒண்ணு தெரியுமா? ஒரு பெரிய கம்பெனிலேர்ந்து வந்தாங்க. பாட்டு வேணும், ஆனா குரல் வேணாமாம்.

அக்கா: அப்படின்னா?

தங்கச்சி: வேற ஒருத்தங்களப் பாட வச்சுக்குவாங்களாம். என் குரல் ரொம்ப வீட்டுக்குரலா இருக்குதாம்.

அக்கா: நீ என்ன சொன்ன?

தங்கச்சி: "என் அக்காவ நான்தான் திட்டுவேன், கூலிக்கு ஆள் வைக்க மாட்டேன்"னுட்டேன்.

அக்கா: நல்ல தங்கச்சி.

தங்கச்சி: நீ எதுக்குக்கா வந்த? நெஜமா சொல்லு.

அக்கா: ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். அஞ்சரைக்கு பஸ்.

தங்கச்சி: சொல்லு.

அக்கா: நான் வந்தேன்.

தங்கச்சி: எங்க?

அக்கா: ஆஸ்பத்திரிக்கு. கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்கு, பாக்க விடற நேரத்துல. சண்டைக்கு சொல்லல. நீ பொய் எழுதிட்டன்னும் சொல்லல. உனக்கெப்படித் தெரியும்? தெரியாம எழுதினது பொய் ஆகாது. உன் ஒருத்திக்காவது விஷயம் தெரியட்டும்னு... அவ்வளவுதான்.

தங்கச்சி: உள்ள ஏன் வரல?

அக்கா: கதவுல ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்துச்சு. அது வழியாப் பாத்தேன். நீ அம்மா தலமாட்டுல உக்காந்து பாடிட்டிருந்த. அம்மா கை உன் கை மேல. கதவுல கைய வச்சேன்... அம்மாகிட்ட நான் கடைசியாச் சொன்னது ஞாபகம் வந்துடுச்சு.

தங்கச்சி: "உன் சாவுக்கும் வர மாட்டேன்."

அக்கா: உனக்கும் தெரியுமா அது?

தங்கச்சி: போன்ல நீ கத்தினது தெருவுக்கே கேட்டுச்சு.

அக்கா: அந்த வாயோட எப்படி உள்ள போறது? தைரியம் வரல. திரும்பிட்டேன்.

தங்கச்சி: எவ்வளவு நேரம் நின்ன?

அக்கா: கொஞ்ச நேரம்... சரி, சொல்லிட்டேன். கிளம்பட்டுமா?

தங்கச்சி: நீலக் குடை.

அக்கா: என்ன?

தங்கச்சி: உன் கையில நீலக் குடை இருந்துச்சு. தண்ணி சொட்டிட்டிருந்துச்சு. தல கலைஞ்சு, நெத்தியெல்லாம் ஈரம்.

அக்கா: யாரு சொன்னா உனக்கு? நர்ஸா?

தங்கச்சி: யாரும் சொல்லல.

அக்கா: அப்ப...

தங்கச்சி: பாத்தேன்க்கா. ஓரக்கண்ணால பாத்துட்டேன்.

அக்கா: பாத்தியா? பாத்துட்டா... "அக்கா வரல"ன்னு எழுதின?

தங்கச்சி: முதல்ல நெஜத்தத்தான் எழுதினேன். "வந்தா, நான் கூப்பிடல"ன்னு. ரெண்டு வரிக்கு மேல நகரல. ஆறு மாசம் அந்த ரெண்டு வரியையே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாள் கோவத்துல "வரல"ன்னு மாத்திப் போட்டேன். மொத்தப் பாட்டும் ஒரே மூச்சுல வந்துடுச்சு.

அக்கா: பொய்ன்னா மூச்சு நல்லா வருதா உனக்கு? நாலு மாசம்டி! நாலு மாசமா எல்லார் வாய்லயும் நான்தான். என் பொண்ணு வாய்லகூட. நானும் வெக்கத்துல செத்து, "பாவம், அவளுக்கு எங்க தெரியும்"னு உனக்காகவே எனக்குள்ள பேசிக்கிட்டு... நீ தெரிஞ்சே...

தங்கச்சி: அதனாலதான் டிக்கெட் அனுப்பினேன். நேர்ல சொல்லணும்னு.

அக்கா: ஏன்டி கூப்பிடல? வாயத் திறக்க வேணாம். கண்ணக் காட்டியிருந்தாலே வந்திருப்பேனே.

தங்கச்சி: பத்தொம்போது நாள்க்கா. தனியா. ராத்திரி பகல் தெரியாம. மொத நாளே உனக்கு போன் பண்ணேன். "அம்மாவே கூப்பிடட்டும்"னு வச்சிட்ட. அவங்களுக்கு அப்ப மூச்சு விடறதே பெரும்பாடு.

அக்கா: ம்... சொன்னேன்.

தங்கச்சி: அவங்களுக்குத் தூக்கம் வர்றதுக்காக தெனம் பாடுவேன், தெரிஞ்ச பாட்டெல்லாம். எதப் பாடினாலும் ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளேர்ந்து "இது யாரு பாட்டு?"ன்னு கேப்பாங்க. அன்னிக்குப் பாட்டெல்லாம் தீந்து போச்சு. சும்மா வாய்க்கு வந்தத இழுத்துட்டிருந்தேன். வார்த்தையே இல்ல. திடீர்னு அது ஒரு மெட்டா நிக்குது. அம்மா யாரு பாட்டுன்னு கேக்கல. கண்ணு கொட்டாம என்னையே பாக்கறாங்க. என்னோடதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு.

அக்கா: அப்பதான் நான் வந்தேன்.

தங்கச்சி: அப்பதான். நீ உள்ள வந்தா எல்லாம் உன் பக்கம் திரும்பிடும். அழுவீங்க, கட்டிப்பீங்க, பேசித் தீத்துப்பீங்க. நான் ஓரமா எழுந்து நின்னு வேடிக்க பாக்கணும். பாட்டு நின்னுடும். என் வாழ்க்கைல மொத மொத நானே போட்ட மெட்டு... அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. முடிச்சிட்டுக் கூப்பிடலாம், எங்க போயிடப் போறான்னு நெனச்சேன். நிமிந்து பாத்தா நீ இல்ல... ஏன் எழுந்திருக்கற? அக்கா... உக்காரேன்.

மிக்ஸர்காரர்: அம்மா, மேடை ஸ்பீக்கர் ஒரு தடவ பாத்துட்டா... ஓ. இல்ல, இன்னொரு டீ பாக்கி இருக்கு. வர்றேன்.

அக்கா: பாவம் அந்த மனுஷன், எத்தன டீதான் குடிப்பாரு. சீக்கிரம் சொல்லி முடி.

தங்கச்சி: நீ போகலியே?

அக்கா: கால் மரத்துப் போச்சு, எழுந்தேன். போறதுக்கு இல்ல.

தங்கச்சி: இன்னொரு விஷயமும் இருக்கு. கடைசியா ஒரு சரணம் சேத்திருக்கேன். போன வாரம்தான் வந்துச்சு. இன்னிக்கு அதோடதான் பாடப் போறேன்.

அக்கா: என்ன சரணம்?

தங்கச்சி: நடந்தது.

அக்கா: இருநூறு பேர் முன்னாடியா?

தங்கச்சி: பொய்ய அத்தன பேர் முன்னாடியும்தானே பாடினேன்.

அக்கா: உன் மேல பாவப்பட்டுத்தான்டி இந்தப் பாட்டையே கேக்கறாங்க. இதக் கேட்டுட்டா அப்புறம் உன்ன யாரு கூப்பிடுவாங்க?

தங்கச்சி: புத்தகக் கடைக்காரரு கூப்பிடுவாரு. மழை பெய்யணும், அவ்வளவுதான்.

அக்கா: சிரிக்க வைக்காத. நான் இன்னும் கோவத்துலதான் இருக்கேன்.

தங்கச்சி: இருந்து கேக்கறியா?

அக்கா: மாமாவுக்கு போன் போட்டு சொல்லிடறேன். பாப்பாவ அவரே பாத்துக்கட்டும், கடைசி பஸ்ல வர்றேன்னு... எங்க, முதல்ல எனக்குப் பாடிக் காட்டு. மைக் இல்லாம.

தங்கச்சி: இப்பவா?

அக்கா: இருநூறு பேரோட சேந்து கேக்கற விஷயமா இது?

தங்கச்சி: சரி... நடுவுல பேசாத.

"அக்கா வந்தா, கதவோரம் நின்னா,
குடை அழுதுச்சு, அவ அழல.
யாரதுன்னு அம்மா கேட்டாங்க,
யாருமில்லன்னு சொன்னது நான்."

அக்கா: அம்மா கேட்டாங்களா?

தங்கச்சி: மாஸ்க்க எறக்கிட்டுக் கேட்டாங்க. "கதவுகிட்ட யாரு?"ன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. "யாருமில்லம்மா"ன்னு தலைய ஆட்டிட்டு, கண்ண மூடிக்கிட்டுப் பாட ஆரம்பிச்சிட்டேன். அன்னிக்கு ராத்திரியே போயிட்டாங்க. நீ வந்தது தெரியாமலே போயிட்டாங்கக்கா. நான்தான் தெரியாமப் பண்ணேன். மேடைல அந்த வரி வந்தாலே குரல் உள்ள போகுதே... அது இதனாலதான்.

அக்கா: சில்லு, இங்க பாரு.

தங்கச்சி: திட்டிடுக்கா. இல்ல ஒரு அறை விட்டுடு.

அக்கா: தைரியம் இல்லாம திரும்பிட்டேன்னு சொன்னேன்ல... அது பொய்.

தங்கச்சி: என்னது?

அக்கா: இத மட்டும் உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நீ சொமக்கக் கூடாதுன்னு. இப்ப சொல்லலன்னா நீ வேற ஒண்ண சொமப்ப... நீங்க பேசினது எதுவும் எனக்குக் கேக்கல. கண்ணாடி வழியாப் பாத்தது மட்டும்தான். அம்மா மாஸ்க்க எறக்கினாங்க, நீ தலைய ஆட்டின, கண்ண மூடிக்கிட்ட. அம்மா மூடல. என்னையே பாத்துட்டிருந்தாங்க.

தங்கச்சி: உன்னப் பாத்தாங்களா?

அக்கா: நல்லாப் பாத்தாங்க. சிரிச்சாங்க. அப்புறம் ஒத்த விரலத் தூக்கி, உன்னக் காட்டி, "கொஞ்சம் இரு, அவ பாடி முடிக்கட்டும்"னு ஜாடை பண்ணாங்க. நானும் இருந்தேன்டி. அஞ்சு மணிக்கு பெல் அடிச்சு, காவலாளி வந்து எல்லாரையும் வெளிய அனுப்பற வரைக்கும் அந்தக் கதவுகிட்டதான் இருந்தேன்... நீதான் பாட்ட முடிக்கவே இல்ல.